துபாசிக்கு அடைக்கலம்: தருமமா, கடனா?

(வாலிபர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இவ்வாண்டு விழாவிலே வாலிபர் சார்பிற் பேசும் பொறுப்பு எமக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. நாம் பல்கலைக்கழகத்திற் பயிலும் மாணவர். அநுபவத்தால் முதிர்ந்த உங்களுக்கு எதையும் கற்பிக்க வரவில்லை. ஒரு வழக்கை உங்கள் முன் வைத்து நியாயம் கேட்கவே வந்துள்ளோம். அந்நிய நாட்டுப் படைகளுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்த உள்நாட்டு மனிதரைப் பற்றியது அவ்வழக்கு. படை தன் நாட்டுக்குத் திரும்பியபின் அவருக்கு அடைக்கலம் கொடுக்கவேண்டியவர் யார்? அவ்வடைக்கலம் இரக்கத்தாற் செய்யும் தருமமா, தீர்த்தேயாகவேண்டிய கடனா?

துபாசி என்னும் சொல் நமக்குப் புதியதன்று. இரு பாஷை அறிந்தவர் என்பது அதன் பொருள். நமது கோடுகளிலே துபாசி வேலை பார்த்த முதலியார்மாரைப் பெரியோர்கள் அறிவீர்கள். சாட்சியின் சொல்லை நீதவானுக்கும், நீதவானின் கேள்வியைச் சாட்சிக்கும் அவர் பெயர்த்துரைப்பார். தீர்ப்பு எப்படி அமைந்தாலும் பொழுது சாயும் வேளையில் அவர் தம் வீட்டுக்குப் போய்ச் சேர்வார். வழக்கிலே தோற்றவர் துபாசியைப் பகைப்பது அருமை. யுத்தகளத்துத் துபாசியின் நிலை அவ்வாறன்று. அவர் பெயர்த்துரைத்த சொல்லின் பலன் அவர் வீட்டு வாசல்வரை தொடர்ந்து வருகிறது.

ஆப்கானிஸ்தானத்தை எடுத்துக்கொள்வோம். 2001ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் அமெரிக்கரும் பிரித்தானியரும் அங்கே போர் தொடங்கினர். 2003ஆம் ஆண்டு சர்வதேசப் படையின் தலைமையை நேட்டோக் கூட்டணி ஏற்றது. 2006 முதல் பிரித்தானியப் படை தெற்கிலுள்ள ஹெல்மண்ட் மாகாணத்திலே பெருந்தொகையாக நிலைகொண்டது. அங்கு சென்ற வீரருட் பஷ்தூ மொழியோ தாரி மொழியோ அறிந்தவர் மிகச் சிலர். ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசுவதற்கும், வழியிலே வெடி புதைத்திருக்கிறார்கள் என்று ஒரு சிறுவன் சொல்வதை விளங்கிக்கொள்வதற்கும், எதிரிகள் வானொலிக் கருவியிற் பேசிக்கொள்வதைக் கேட்டறிவதற்கும் அவர்களுக்கு ஓர் ஆப்கானியர் பக்கத்திலே நிற்கவேண்டியிருந்தது. அவ்வேலைக்கு வந்தவர் பெரும்பாலும் ஆங்கிலம் கற்ற இளைஞர். பாகிஸ்தானத்து அகதி முகாம்களிலே வளர்ந்து அங்கே ஆங்கிலம் பழகியவரும் அவர்களுள் இருந்தனர். அவர்களிற் பலர் நம்மை ஒத்த வயதினர் என்பதை வாலிப அன்பர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

படைவீரர் நடந்த வழியெல்லாம் துபாசியும் நடந்தார். வீரர் கையில் துப்பாக்கி இருந்தது. துபாசிகளிற் பலர் வெறுங்கையோடு சென்றனர். சொந்தப் பெயரை மறைத்து, வீரர்கள் இட்ட வேறொரு பெயரால் வழங்கினர். ஊரவர் அடையாளங் காணாதபடி முகத்தைத் துணியால் மூடிக்கொண்டனர். ஈராக்கிலே அந்தத் துணிக்கும் தடை வந்தது. 2008ஆம் ஆண்டு பக்தாத் நகரில் அமெரிக்கப் படையினர், துபாசிகள் முகமூடி அணியலாகாது எனக் கட்டளையிட்டனர். கண்டனம் எழுந்தபின் அக்கட்டளை தளர்த்தப்பட்டது. வெளிநாட்டு வீரர் ஆறு மாதமோ ஓராண்டோ கழிந்தால் தம் ஊர் திரும்புவர். அவரிடத்துக்குப் புதியவர் வருவர். துபாசியோ அடுத்து வரும் அணியோடும் நடப்பார். அதற்கடுத்த அணியோடும் நடப்பார். அவர் திரும்பிப் போகும் ஊரும் அந்தப் போர்க்களத்துக்குள்ளேதான் இருந்தது.

இத்தகையவர் அபயம் தேடினால் உலகச் சட்டம் அவரைக் காவாதோ என்று கேட்கலாம். 1951ஆம் ஆண்டு ஜெனீவாவிலே செய்யப்பட்ட அகதிகள் உடன்படிக்கை, இனம், சமயம், தேசியம், சமூகக்குழு, அரசியற் கருத்து என்னும் ஐந்து காரணங்களுள் ஒன்றால் துன்புறுத்தப்படுவோம் என்று தக்க காரணத்தோடு அஞ்சுபவரை அகதி என்கிறது. அந்நியப் படைக்குத் துணைநின்றவரை எதிர்ப்பக்கத்தார் அரசியல் எதிரியாகவே எண்ணுவர். ஆதலால் அவர் அகதியாக ஏற்கப்பட இடமுண்டு. ஆனால் அவ்வுடன்படிக்கை தன் நாட்டுக்கு வெளியே நிற்பவரையே அகதி என்கிறது. காபூலிலே ஒரு வீட்டின் பின்னறையில் ஒளிந்திருப்பவரை அது எட்டுவதில்லை. வெளியேறினாலன்றிச் சட்டம் காவாது. விசா இன்றி வெளியேறவும் இயலாது. இந்த முடிச்சை அவிழ்க்கக்கூடியவர், அவரை வேலைக்கு அமர்த்திய அரசாங்கத்தாரே.

அவ்வரசாங்கங்கள் என்ன செய்தன? அமெரிக்கக் காங்கிரசு 2006ஆம் ஆண்டு ஈராக்கிய, ஆப்கானியத் துபாசிகளுக்கென விசேட விசா ஒன்றை ஏற்படுத்தியது. இரு நாட்டுக்கும் சேர்த்து ஆண்டொன்றுக்கு 50 பேருக்கே முதலில் இடம் இருந்தது. மறு ஆண்டிலே அது 500 ஆயிற்று. 2009ஆம் ஆண்டுச் சட்டம் ஆப்கானியருக்கு மட்டும் ஆண்டொன்றுக்கு 1,500 இடம் ஒதுக்கியது. இலக்கங்கள் வளர்ந்தன, பாதை மட்டும் ஒடுங்கியதாகவே இருந்தது. விண்ணப்பம் 14 படிகளைத் தாண்டவேண்டியிருந்தது. வேலை கொடுத்தவரிடமிருந்து ஒரு கடிதம், மேலதிகாரியிடமிருந்து ஒரு நற்சான்று, உயிருக்கு ஆபத்து உண்டென்பதற்கு ஒரு கூற்று, இவற்றின்மேலே பாதுகாப்புச் சோதனைகள். துபாசிகளிற் பலரைப் படை நேராக நியமிக்கவில்லை. ஒப்பந்தக் கம்பனிகள் நியமித்தன. கம்பனி மூடப்பட்டால் கடிதம் தருவார் யார்? நற்சான்று தரவேண்டிய அதிகாரி படையை விட்டு விலகி, எங்கோ ஒரு பட்டினத்தில் வேறு தொழில் பார்த்தால் அவரை எவ்வாறு தேடுவது? ஒன்பது மாதத்துக்குள் விண்ணப்பத்தை முடிக்கவேண்டும் என்று 2013இல் காங்கிரசு விதித்தது. விண்ணப்பங்களோ ஆண்டுக்கணக்காகக் கிடந்தன. 2019இல் வாஷிங்டன் நீதிமன்றம் ஒன்று இத்தாமதம் நியாயமற்றது என்று தீர்ப்பளிக்கும் நிலை வந்தது.

பிரித்தானியா 2013ஆம் ஆண்டு தன் துபாசிகளுக்கு ஒரு திட்டம் அறிவித்தது. 2012 டிசெம்பர் 19ஆம் திகதியன்று வேலையில் இருந்து, அதன்பின் ஆட்குறைப்பால் விலக்கப்பட்டவராய், ஹெல்மண்டின் முன்னணியில் ஓராண்டாவது உழைத்தவராய் இருந்தாற்றான் பிரித்தானியாவிற் குடியேறும் உரிமை. அத்திகதிக்கு ஒரு மாதம் முன்னர் விலகியவர், அவர் பட்ட ஆபத்து எத்துணைப் பெரிதாயினும், வாசலுக்கு வெளியே நின்றார். பயமுறுத்தப்பட்டவருக்கென வேறொரு திட்டமும் இருந்தது. கொமன்ஸ் சபையின் பாதுகாப்புக் குழு 2018ஆம் ஆண்டு அதனை ஆராய்ந்து, அதன் வழியாக ஒருவரேனும் பிரித்தானியாவுக்கு அழைத்துவரப்படவில்லை என்று கண்டு கடிந்துரைத்தது.

2013ஆம் ஆண்டுத் திட்டத்தின் பெயரை ஈண்டு நோக்குதல் வேண்டும். எக்ஸ் கிரேஷியா என்று அதற்குப் பெயரிட்டனர். இலத்தீன் மொழியில் கிருபையினால் என்பது அதன் பொருள். கொடுக்கக் கடமைப்படாதவர் மனமிரங்கிக் கொடுப்பதையே சட்டத்தார் அச்சொல்லாற் குறிப்பர். எமது வழக்கின் முழுப் பிணக்கும் அந்தப் பெயருக்குள் அடங்கியிருக்கிறது. கிருபையாற் கொடுப்பவர் எவ்வளவு கொடுப்பது, எப்பொழுது கொடுப்பது, எப்பொழுது நிறுத்துவது என்பதைத் தாமே தீர்மானிப்பர். கடன்பட்டவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

2020 பெப்ரவரி 29இல் அமெரிக்கர் தலிபானோடு தோகா நகரில் ஒப்பந்தம் செய்தனர். படை வெளியேறப்போவது அன்றே தெரிந்தது. 2021 ஏப்பிரலில் அமெரிக்க ஜனாதிபதி இறுதித் திகதியையும் அறிவித்தார். அவ்வாண்டின் நடுப்பகுதியில் ஏறக்குறைய 18,000 விசேட விசா விண்ணப்பங்கள் முடிவுறாமற் கிடந்தன. துபாசிகளை ஏற்றிய முதல் விசேட விமானம் அமெரிக்காவில் இறங்கியது யூலை 30ஆம் திகதி. அதில் வந்தவர் ஏறக்குறைய 200 பேர். ஓகஸ்ட் 15இல் காபூல் தலிபான் கைக்குச் சென்றது. பின்னர் நடந்ததை உலகமே பார்த்தது. இரு வாரத்தில் 120,000 பேருக்கு மேல் விமானங்களில் ஏற்றப்பட்டனர். அது ஓர் அருஞ்செயல் என்பதை மறுக்கலாகாது. எனினும் அந்தக் கூட்டத்தில் எவர் உள்ளே புகுந்தார், எவர் புகவில்லை என்பதைத் தீர்த்தது நியாயமன்று; தோளின் வலியும் தற்செயலுமே. ஓகஸ்ட் 26இல் விமான நிலைய வாயிலில் வெடித்த குண்டினால் அமெரிக்க வீரர் 13 பேரும், ஆப்கானியர் ஏறக்குறைய 170 பேரும் மாண்டனர். மாதத்தின் இறுதியிலே கடைசி விமானமும் போயிற்று. விண்ணப்பதாரிகளிற் பெரும்பாலோர் பின்னே விடப்பட்டனர்.

தலிபான் பொதுமன்னிப்பு அறிவித்தனர். ஆனால் ஐக்கிய நாடுகளின் உதவிக் குழு 2023ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, முந்திய அரசாங்கத்தின் உத்தியோகத்தரும் படையினரும் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்ட சம்பவங்கள் குறைந்தது 218 என்று பதிவுசெய்தது. அந்நியரோடு நின்றவர் அஞ்சியது வீணன்று.

விடப்பட்டவருக்கு இன்னுமொரு கேடு வந்தது. 2021 செப்டெம்பரில் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சு, ஒளிந்திருந்த துபாசிகள் முதலானோருக்கு அனுப்பிய மின்னஞ்சலிலே 250க்கு மேற்பட்டவரின் முகவரிகளை எல்லோரும் பார்க்கும்படி விட்டுவிட்டது. 2022 பெப்ரவரியில் அடைக்கலம் கோரியவர் ஏறக்குறைய 19,000 பேரின் விபரம் கொண்ட பட்டியல் ஒன்று தவறுதலாக வெளிச்சென்றது. அச்செய்தியைப் பேசவோ எழுதவோ கூடாதென 2023இல் நீதிமன்றத் தடை பெறப்பட்டது. அத்தடை 2025 யூலையில் நீங்கிய பின்னரே பட்டியலில் இருந்தோரிற் பெரும்பாலோர் தம் பெயர் வெளிப்பட்டதை அறிந்தனர். அதே மாதத் தொடக்கத்திலே புதிய விண்ணப்பங்களுக்குக் கதவும் மூடப்பட்டது. பாதுகாப்பு வேண்டித் தன் பெயரை ஒருவர் எழுதிக் கொடுக்கிறார். அந்தப் பெயரே அவருக்குப் பகையாகிறது. இதனை வெறுங் கவலையீனம் என்று கூறி விட்டுவிடலாமோ?

இது ஆப்கானிஸ்தானத்தில் மட்டும் நேர்ந்ததன்று. அல்ஜீரியாவிலே பிரெஞ்சுப் படைக்குத் துணைப்படையாக நின்ற உள்நாட்டவரை ஹர்க்கிகள் என்பர். 1962 மார்ச்சிலே சமாதான உடன்படிக்கை கைச்சாத்தாகியது. மே மாதத்தில் அல்ஜீரிய விவகார மந்திரி லூயி ஜோக்ஸ், தம் சொந்த முயற்சியால் ஹர்க்கிகளைப் பிரான்சுக்கு அழைத்துவரும் அதிகாரிகள் தண்டிக்கப்படுவர் என்று கட்டளையிட்டார். யூலையில் நாடு சுதந்திரம் பெற்றது; பின்விடப்பட்டோர் பல்லாயிரவர் கொலையுண்டனர். கட்டளையை மீறிச் சில அதிகாரிகள் தம்முடன் நின்றவரைக் கப்பலேற்றினர். அவ்வாறு தப்பி வந்தோரையும் முள்வேலி சூழ்ந்த முகாம்களில் வைத்தனர். சில முகாம்கள் 1975 வரை நீடித்தன. 2021 செப்டெம்பர் 20ஆம் திகதி பிரெஞ்சு ஜனாதிபதி மக்ரோன் ஹர்க்கிகளிடம் மன்னிப்புக் கேட்டார். மறு ஆண்டில் நட்டஈட்டுச் சட்டம் வந்தது. காபூலிலிருந்து கடைசி விமானம் பறந்து மூன்று வாரம் ஆகுமுன்னர், அறுபது ஆண்டுக்கு முந்திய அதே பிழைக்கு ஒரு வல்லரசு மன்னிப்புக் கேட்டது என்பதைச் சிந்தியுங்கள்.

வேறு விதமாகச் செய்ய இயலாதோ எனின், இயலும். டென்மார்க்கு ஒரு சிறிய நாடு. ஈராக்கிலிருந்து தன் படை வெளியேறும் வேளையில், 2007 யூலையில், துபாசிகளும் குடும்பத்தினருமாக ஏறக்குறைய 200 பேரை அது இரகசியமாக விமானத்தில் ஏற்றிச் சென்றது; அவர்கள் போய்ச் சேர்ந்த பின்னரே உலகம் அறிந்தது. பிரான்சின் உயர் நிருவாக நீதிமன்றமும் 2019 பெப்ரவரியில் ஒரு நல்ல தீர்ப்பு அளித்தது. அரசாங்கம் தன் உத்தியோகத்தரைக் காக்கும் கடமை, வெளிநாட்டிலே நியமித்த துபாசிக்கும் உரியது. அவசியமானால் விசாவும் அக்கடமையில் அடங்கும் என்பது அதன் கருத்து. அந்நீதிமன்றம் கிருபை என்று சொல்லவில்லை. கடமை என்றே சொல்லிற்று.

இனி எதிர்வாதங்களைக் கேட்போம். அந்நியனுக்கு உதவியவன் துரோகி. தன் வினையைத் தானே அநுபவிக்கட்டும் என்பார் உளர். அந்தப் போர் நியாயமானதா என்பது வேறு கேள்வி. அதில் இச்சபையிலேயே இரு பக்கம் இருக்கும். துபாசிகளுட் சிலர் தம் நாடு சீர்படும் என்று நம்பிச் சேர்ந்தனர். சிலர் சம்பளத்துக்காகச் சேர்ந்தனர். எவ்வாறாயினும், துரோகி என்று அவரை ஒதுக்கும் உரிமை அவரை அழைத்து வேலை வாங்கியவருக்கு மட்டும் கிடையாது. கூலியாளை மரத்தின் உச்சியில் ஏற்றியவர், ஏறியது அவன் பிழை என்று ஏணியை எடுத்துக்கொண்டு போகலாமோ?

அவர்களுள் ஒருவர் தீயவராய் இருந்தால் என்ன செய்வது என்பது மற்றொரு வாதம். இதனை அற்பமென்று தள்ளக்கூடாது. 2025 நவம்பரிலே வாஷிங்டன் நகரில் காவற்படையினர் இருவர் சுடப்பட்டு ஒருவர் இறந்தார். குற்றஞ்சாட்டப்பட்டவர் முன்னர் ஆப்கானிஸ்தானத்தில் அமெரிக்கருடைய ஆதரவுபெற்ற படையிற் பணிசெய்தவர். சில நாட்களுக்குள் ஆப்கானியக் கடவுச்சீட்டு உடையோர் அனைவருக்கும் விசா வழங்குவது நிறுத்தப்பட்டது. குற்றம் செய்தவரை விசாரித்துத் தண்டிக்கட்டும். அகதிகள் உடன்படிக்கையே யுத்தக் குற்றம் புரிந்தவருக்கு அடைக்கலம் இல்லை என்று விதித்திருக்கிறது. ஒவ்வொருவரையும் தனித்தனியே ஆராயத் தடையில்லை. ஆனால் ஒருவர் செய்ததற்காக, படையோடு பல ஆண்டு நடந்து அதன் உயிரைக் காத்த மற்றெல்லோருடைய கணக்கையும் கிழித்தெறிவது எந்த நீதி?

அபயம் கேட்டு வந்தவனைப் பற்றி ஐயம் எழுவது புதிதன்று. விபீஷணன் கடல் கடந்து சரண் புகுந்தபோது, இவன் பகைவனின் தம்பி, ஏற்கலாகாது என்று சுக்கிரீவன் தடுத்தான்; ஏற்கலாம் என்று அநுமன் சொன்னான். இராமர் இரு பக்கமும் கேட்டார். கேட்டு முடிவும் சொன்னார். சரண் என்றவனைக் கடற்கரையில் ஆண்டுக்கணக்காக நிறுத்திவைக்கவில்லை. மேலும், விபீஷணன் தானாக வந்தவன். துபாசியோ அழைக்கப்பட்டு வந்தவர். தானாக வந்தவனுக்கே அபயம் உண்டென்றால், அழைக்கப்பட்டவருக்கு எத்துணை உரிமை உண்டு?

ஆகவே எமது முடிபு இதுவே. அடைக்கலம் என்பது துபாசியின் சம்பளத்தில் ஒரு பகுதி. அது அவரை நியமிக்கும் நாளிலேயே எழுதப்படவேண்டும். படை மூட்டை கட்டும் நாளிலன்று. அவருடைய சேவைப் பதிவை அமர்த்தியவரே காக்கவேண்டும். ஒளிந்திருப்பவரைக் கடிதம் தேடி அலையச் செய்யலாகாது. நாட்டுக்குள் இருந்தே விண்ணப்பிக்க வழி வேண்டும். அவருடைய மனைவி மக்களும், அதே முகாமிற் சமைத்தவரும் வண்டி ஓட்டியவரும் காவல் நின்றவரும் அக்கணக்கிற் சேரவேண்டும். பகைவர் அவர்களை வேறு பிரித்துப் பார்ப்பதில்லை.

தூரதேசத்து வழக்கு, நமக்கென்ன என்று நினைக்கவேண்டாம். 1983க்குப் பின் எம்மவர் பல்லாயிரவர் பிறதேசங்களில் அடைக்கலம் கோரி நின்றனர். அந்நியக் கந்தோர்களிலே அவர்கள் சொன்னதை ஒரு துபாசியின் வாய்மூலமே அதிகாரிகள் கேட்டனர். ஒரு சொல் பிசகினால் ஒரு குடும்பத்தின் விதி மாறும் என்பதை நம் வீடுகள் அறியும். இச்சங்கத்து வாலிபரிற் பலர் இரு மொழியோ மூன்று மொழியோ வல்லவர். நாளை நீங்களும் வைத்தியசாலையிலோ கோட்டிலோ அகதிக் கந்தோரிலோ ஒருவருடைய சொல்லைச் சுமந்து நிற்கலாம். அன்று உண்மையைக் குறையாமற் பெயர்த்துரையுங்கள். பிறருக்காக அவ்வாறு நின்று ஆபத்துக்குள்ளானவரைப் பற்றிச் செய்தி வரும்போது, பாவம் என்று சொல்லி அப்பாற் போகாதீர்கள். அவருக்குக் கொடுக்கவேண்டியது என்ன, கொடுக்கவேண்டியவர் யார் என்று கேளுங்கள்.

இவ்வழக்கிற் பெரியோர்கள் வேறு நியாயம் கண்டால் எடுத்துரைக்க வேண்டுகிறோம், கேட்கக் காத்திருக்கிறோம்.